ஏழாவது கால்

ஜூன் 3

தீவு வானிலை நிலையத்தின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று புருவத்தைத் தூக்குவீர்கள். தாராளமாகத் தூக்கிக்கொள்ளுங்கள். உறவு கொண்டாட எழுதவில்லை. பாகம் பாகமாக வாங்கி உங்கள் கையால் பூட்டிய கம்ப்யூட்டரைப் பற்றிப் புகார் கொடுக்க எழுதுகிறேன். பூட்டியவரிடம்தானே புகார் கொடுக்க முடியும்?

அம்மா வீட்டில் துணி போர்த்திக் கிடந்த அதை நான்கு மாதத்துக்கு முன் நான் எடுத்து வந்தேன். பார்வையற்றோர் பள்ளியில் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பாடத்திட்டம் மாறிவிட்டது. புதிய அறிவியல் புத்தகம் பிரெயிலில் இன்னும் வரவில்லை. அச்சுப் புத்தகத்தை வரிவரியாகத் தட்டி, படங்களையெல்லாம் சொற்களாக்கி, பிரெயில் புள்ளிகளாக மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. பதினொரு பிள்ளைகள். செப்டம்பரில் பரீட்சை. ஆகஸ்ட் முதல் வாரம் புத்தகம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவர் படித்துக்காட்டுவதைக் கேட்டே பரீட்சை எழுத வேண்டியதுதான்.

உங்கள் கம்ப்யூட்டர் வாரத்துக்கு மூன்று நான்கு முறை சாகிறது. திரை அப்படியே உறைகிறது, பிறகு கறுப்பாகிறது, பிறகு ஒன்றும் நடக்காதது போல் தானே எழுந்து வணக்கம் சொல்கிறது. அந்த நேரம் சேமித்துக்கொண்டிருந்தேன் என்றால் ஃபைல் பாதியில் அறுந்துவிடும். இரண்டாம் பாடத்தை மூன்று முறை தட்டியிருக்கிறேன். ஒளி எப்படி வளைகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் இரண்டு முறை கொண்டுபோனேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அவர் கடையில் மூன்று நாள் சமர்த்தாக ஓடியது. வீட்டுக்கு வந்த மறுநாள் செத்தது. "மெஷின்ல ஒண்ணும் இல்ல மேடம், உங்க கைராசி அப்படி" என்றார்.

கைராசி. இந்த வார்த்தையைக் கேட்டதும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. எல்லோர் முன்னாலும் என்னிடம் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். "நீ தொட்டா எதுவும் உருப்படாது." பதிலுக்கு நான் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. அதைப் பற்றிப் பேச இப்போது எனக்கு நேரமில்லை. பெட்டியை என்ன செய்வது என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டரைப் பயன்படுத்துபவள்


ஜூன் 11

பொடிசுக்கு,

உன் கடிதம் இன்று காலைப் படகில் வந்தது. படகுக்காரர் சாமான்களை இறக்கி, டீ குடித்து, திரும்பக் கிளம்ப ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும், விட்டால் அடுத்த புதன்தான். இங்கிருக்கும் ரேடியோவில் காற்றையும் மழையையும் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது. ஆகவே உன் பெட்டிக்குத் தபால் வைத்தியம்தான்.

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, பத்துக்கு மேல் விட்டுவிட்டேன்.

நான் பூட்டிய பெட்டி காரணமில்லாமல் சாகாது. இங்கே நான் பூட்டிய கருவிகள் உப்புக் காற்றில் இரண்டு வருடமாக ஓடுகின்றன. நீ வைத்திருக்கும் இடத்திலோ பயன்படுத்தும் விதத்திலோதான் ஏதோ இருக்கிறது. கோபப்படாதே. ஊகத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் ஒரு நோட்டு போடு. செத்த ஒவ்வொரு முறையும் தேதி, கிழமை, மணி, நீ என்ன செய்துகொண்டிருந்தாய், வீட்டில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது, எல்லாம் எழுது. அற்பம் என்று எதையும் விடாதே.

பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்து மூடியைக் கழற்று. இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடு. உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். மின்விசிறியில் தூசி அடைத்திருந்தால் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடு. சூடேறிச் சாகிறதா என்று அதில் தெரிந்துவிடும். இரண்டு நாள் பார். நிற்கவில்லை என்றால், உள்ளே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மெமரி பட்டைகளில் ஒன்றைக் கழற்றி மற்றதை வைத்து ஓட்டு. பிறகு மாற்றி ஓட்டு. ஒன்று கெட்டிருந்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

வேறு எதையும் தொடாதே.

பதினொரு பிள்ளைகள் என்று எழுதியிருந்தாய். இந்த வேலையை நீ செய்கிறாய் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

அக்கா


ஜூன் 21

நிலையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

"வேறு எதையும் தொடாதே" என்ற வரி இல்லாமல் உங்களுக்குக் கடிதம் முடிக்கத் தெரியாது என்பதை மறந்திருந்தேன்.

தொட்டேன். மூடியைக் கழற்றினேன். மின்விசிறியில் ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு இருந்தது. பிரஷ்ஷால் எடுத்ததும் பெட்டி சத்தமே இல்லாமல் ஓடியது. ஆகா, தீர்ந்தது என்று மறுநாள் உட்கார்ந்தேன். செத்தது. பிறகு மெமரி பட்டை. முதல் பட்டையைக் கழற்றும்போது எனக்கு வேர்த்ததைப் பார்த்து இவர், "பஸ்ஸுக்கு டயர் மாத்தறப்ப கூட எனக்கு இப்படி வேர்க்காது" என்றார். பேருந்து ஓட்டுபவருக்கு எல்லாமே டயர்தான். இடது பட்டையோடு ஓட்டினேன், செத்தது. வலது பட்டையோடு ஓட்டினேன், செத்தது. இரண்டும் சேர்ந்து கெட்டுப்போக வாய்ப்பில்லை என்று எனக்கே தோன்றியது. ஆக, சூடு இல்லை, மெமரி இல்லை.

நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

15, ஞாயிறு, காலை 11.20. மூன்றாம் பாடம், அமிலங்கள். வீட்டில் எதுவும் ஓடவில்லை, இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேல் வீட்டில் பீரோவை நகர்த்தினார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
16, திங்கள், காலை 10.40. மூன்றாம் பாடம். அடுப்பில் குக்கர். வாஷிங் மெஷினில் இவருடைய சீருடை.
18, புதன், காலை 10.35. சேமிக்கும்போது. வாஷிங் மெஷின். காய்கறிக்காரர் மணி அடித்தார்.
20, வெள்ளி, காலை 10.50. நான்காம் பாடம், முதல் பக்கம். வாஷிங் மெஷின். நான் அழுதேன். (அற்பத்தையும் எழுதச் சொன்னது நீங்கள்தான்.)

ஃபைல்களை இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பென்டிரைவில் நகலெடுக்கிறேன். ஆனாலும் பாதி நேரம் தேடுவதிலும் ஒட்டுவதிலும் போகிறது. மொத்தம் பதினாறு பாடம். நான் நான்கில் நிற்கிறேன்.

பள்ளியின் பெரிய டீச்சர் நேற்று வந்தார். "முடியலன்னா இப்பவே சொல்லிடும்மா, வேற வழி பாக்கறேன்" என்றார். வேறு வழி எதுவும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "முடியும் டீச்சர்" என்றேன். என் வாய் சும்மா இருக்காது, உனக்குத்தான் தெரியுமே.

மேலே 'நீ' என்று எழுதிவிட்டேன். அடித்தால் காகிதம் அசிங்கமாகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

தங்கை


ஜூன் 25

பொடிசு,

நீ எழுதியிருக்கும் நோட்டு நன்றாக இருக்கிறது. என் உதவியாளர் மழைக் கணக்கை இந்த அழகில் எழுதினால் நான் அவரைத் திட்டவே மாட்டேன்.

திரும்பப் படித்துப் பார். திங்கள், புதன், வெள்ளி. காலை பத்தரை, பத்தே முக்கால். மூன்று நாளும் வாஷிங் மெஷின் ஓடுகிறது. உன் வீட்டுக்காரருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீருடை துவைக்கிறாய், இல்லையா? அந்த மோட்டார் வேகம் எடுக்கும்போது வீட்டு மின்சாரத்தை ஒரு இழு இழுக்கும். அழுத்தம் சட்டென்று இறங்கும். உன் பெட்டி அதைத் தாங்காமல் விழுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான்.

சமையலறையில் வேறு லைன் இருக்கும். அங்கிருந்து நீள ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடு. மெஷினையும் ஓட்டு. சாகவில்லை என்றால் விஷயம் முடிந்தது. ஒரு ஸ்டெபிலைசர் வைத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடவில்லையே என்பாய். அதை விட்டுவிடு. எந்தக் கணக்கிலும் ஒன்று இப்படித் தனியாக நிற்கும்.

நீ அழுததையும் நோட்டில் எழுதினாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கருவியைப் பற்றி எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் எழுதுவேன்.

படகுக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

அக்கா


ஜூலை 5

அக்கா,

நின்றுகொண்டு படி. உட்கார்ந்தால் எழுந்து குதிக்க வேண்டியிருக்கும்.

நீ சொன்னபடி சமையலறையிலிருந்து ஒயர் இழுத்தேன். நடுக்கூடத்தில் கயிறு கட்டியது மாதிரி அது குறுக்கே கிடந்தது. இவர் இரண்டு முறை தடுக்கினார். திங்கட்கிழமை மெஷினைப் போட்டேன். கம்ப்யூட்டர் அதே மேஜையில், மின்சாரம் மட்டும் வேறு லைனில். பத்து நாற்பத்திரண்டுக்குச் செத்தது.

உன் தொண்ணூறு போய்விட்டது. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. நீ விட்டுவிடு என்றாய். ஏன் விட வேண்டும்? அன்றைக்கும் பெட்டி செத்ததுதானே? உன் கணக்குக்குள் அடங்கவில்லை என்பதற்காக அந்தச் சாவு சாவு இல்லை என்று ஆகிவிடுமா?

அன்று மின்சாரம் இழுக்க வீட்டில் எதுவும் ஓடவில்லை. மேல் வீட்டில் பீரோ நகர்ந்தது. ஜன்னல் அதிர்ந்தது. என் மேஜை சுவரை ஒட்டி இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் மெஷின். அது துணியைப் பிழியச் சுற்றும்போது மேஜை மேல் இருக்கும் டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். தினமும் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. மெஷின் பிழிய ஆரம்பிப்பதும் பத்தரை வாக்கில்தான்.

உடனே தலைகீழாகச் செய்து பார்த்தேன். புதன்கிழமை கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கி, மடித்த கம்பளியின் மேல் தரையில் வைத்தேன். மின்சாரம் மட்டும் வாஷிங் மெஷின் செருகியிருக்கும் அதே இடத்திலிருந்து கொடுத்தேன். அழுத்தம்தான் காரணம் என்றால் இப்போது கட்டாயம் சாக வேண்டும். மெஷின் துவைத்தது, அலசியது, வீடே கிளம்பிப் போகிற மாதிரி பிழிந்தது. நான் தரையில் சம்மணமிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தேன். சாகவில்லை! வெள்ளிக்கிழமையும் அப்படியே செய்தேன், சாகவில்லை! கடைக்காரர் கடையில் ஏன் மூன்று நாள் ஓடியது? அங்கே அதிர்வு இல்லை. கைராசியாம், கைராசி.

இன்று கடைசிச் சோதனை. எல்லா ஃபைலையும் எடுத்துவிட்டு, பெட்டியின் மேல் மூலையில் உள்ளங்கையால் தட்டினேன். ஒன்றும் இல்லை. நடுவில் தட்டினேன், ஒன்றும் இல்லை. கீழ் மூலை, பின்பக்கமாக ஒரு தட்டு. செத்தது. மூன்று முறை தட்டினேன், மூன்று முறையும் செத்தது. இவர் வாசலில் நின்று, "பாவம், அது என்ன பண்ணுச்சு" என்றார்.

மின்சாரம் இல்லை அக்கா, ஆட்டம்தான். உள்ளே ஏதோ ஒன்று ஆடக் கூடாத இடத்தில் ஆடுகிறது.

சொல், இப்போது என்ன செய்ய?

தங்கை


ஜூலை 9

பொடிசு,

சரி.

இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு இருபது நிமிடம் ஆனது. நீ செய்தது சரி. அந்த ஞாயிறை நான் தள்ளியிருக்கக் கூடாது. எனக்குக் கீழே வேலை செய்பவர் அப்படித் தள்ளியிருந்தால் அன்றைக்கே அவரை மூட்டை கட்டச் சொல்லியிருப்பேன்.

கீழ் மூலையில் தட்டினால் சாகிறது என்றால், மதர்போர்டின் அந்தப் பகுதியில்தான் ஏதோ இருக்கிறது. விரிசலாக இருக்கலாம், அடியில் ஏதாவது தொட்டுக்கொண்டிருக்கலாம். அதைப் பார்க்க வேண்டுமானால் எல்லா ஒயரையும் பிடுங்கி போர்டையே வெளியே எடுக்க வேண்டும். அதை நீ செய்யாதே. மெமரி பட்டை வேறு, இது வேறு. ஒரு ஒயரை மாற்றிச் செருகினால் போதும், மொத்தமும் போய்விடும். செப்டம்பர் கடைசியில் எனக்கு விடுமுறை. நான் வந்து பார்க்கிறேன். அதுவரை கூடத்தில் கம்பளி மேலேயே வைத்து ஓட்டு.

இது உன்னைக் குறைத்துச் சொல்வதில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதே.

அக்கா


ஜூலை 16

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின இரண்டு நாளில் கம்பளி மேலேயே ஐந்து முறை செத்தது. நான் தட்டித் தட்டிப் பார்த்ததில் உள்ளே இருந்தது இன்னும் நகர்ந்துவிட்டது போல. நாற்காலியை இழுத்தால் செத்தது. இவர் தும்மினார், செத்தது. கடைசி முறை பென்டிரைவ் செருகியிருக்கும்போதே செத்ததில் ஒன்பதாம் பாடம் இரண்டு இடத்திலும் போனது. செப்டம்பர் கடைசியில் நீ வருவாய். செப்டம்பர் முதல் வாரம் பரீட்சை.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்தேன். இவர் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "செய்யாதேன்னு எழுதியிருக்காங்களே" என்றார்.

"எழுதுவாங்க. சின்ன வயசுலேர்ந்து வாயால சொன்னாங்க, இப்ப எழுத்துல."

"கெட்டுப்போச்சுன்னா?"

"இப்ப மட்டும் நல்லாவா இருக்கு?"

அவர் கடிதத்தை மடித்து வைத்தார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒவ்வொரு ஒயரையும் பிடுங்குவதற்கு முன் படம் வரைந்தேன். ஒயரிலும் அது செருகியிருந்த இடத்திலும் ஒரே எண்ணை எழுதிப் பிளாஸ்திரி ஒட்டினேன். பத்தொன்பது எண். கழற்றிய திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டேன். போர்டைப் பிடித்திருந்த திருகுகள் ஆறு. ஆறாவதைக் கழற்றியதும் கூப்பிட்டால் வரக் காத்திருந்தது போல் போர்டு கையோடு வந்தது.

அடியில் தகட்டின் மேல் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் நிற்கின்றன. போர்டு தகட்டில் படாமல் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு துளைக்கும் ஒரு கால். துளை ஆறு. கால்களை எண்ணினேன். ஏழு.

திரும்ப எண்ணினேன். இவரை எண்ணச் சொன்னேன். "ஏழு" என்றார். "ஏன், ஏழு இருக்கக் கூடாதா?"

ஏழாவது கால், கீழ் மூலையில், பின்பக்கம். அதற்கு மேலே துளையே இல்லை. அது முழுதாக முறுக்கப்படவும் இல்லை. விரலால் தொட்டால் பால் பல் மாதிரி ஆடியது. போர்டைத் திருப்பிப் பார்த்தேன். நேர் மேலே அடிப்பக்கத்தில் ஒரு புள்ளி, தேய்ந்து பளபளப்பாக, ஓரத்தில் கறுத்து. அதிரும்போதெல்லாம் அந்தக் கால் போய் அந்தப் புள்ளியைத் தொட்டிருக்கிறது. தொட்டபோதெல்லாம் பெட்டி செத்திருக்கிறது. ஐந்து மாதமாக என்னைச் சாகடித்தது இந்தப் பயறு அளவுப் பித்தளை!

திருகி எடுத்தேன். எண் பார்த்து எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு விளக்குகூட எரியவில்லை. என் காதில் உன் குரல் கேட்டது, என்ன சொல்லிற்று என்று எழுத மாட்டேன். இவர் டார்ச்சை அணைத்துவிட்டு மெதுவாக, "பதினாலு எங்கே?" என்றார். பதினான்காம் ஒயர் மடங்கி அடியில் கிடந்தது. செருகினேன். அழுத்தினேன்.

எழுந்தது அக்கா.

அதே பழைய மேஜைக்கு, சுவரை ஒட்டிக் கொண்டுபோய் வைத்தேன். வாஷிங் மெஷினில் வீட்டில் இருந்த போர்வையெல்லாம் போட்டுச் சுற்றவிட்டேன். கீழ் மூலையில் தட்டினேன். குத்தினேன். இவர் பக்கத்தில் நின்று தொண்ணூறு கிலோவோடு குதித்தார். கீழ் வீட்டு அம்மாள் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். "சரியாயிடுச்சுங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றோடு நான்கு நாள். ஒரு முறைகூடச் சாகவில்லை. பதினோராம் பாடத்தில் இருக்கிறேன்.

அந்தப் பித்தளைக் காலை இந்தக் காகிதத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். பூட்டியது யார் என்று உனக்குத் தெரியும்.

தொட்டேன். உருப்பட்டது.

தங்கை


ஜூலை 30

பொடிசு,

போன புதன் படகை வெறும் கையோடு அனுப்பினேன். படகுக்காரர், "என்னம்மா, இன்னைக்கு லெட்டர் இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். என்ன எழுதுவது என்று தெரியாமல் கருவிக் கூடத்துக்குள் போய்விட்டேன்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு இப்படி எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்.

அன்று அம்மா வீட்டுக் கூடத்தில் அந்தப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் தீவுக்குக் கிளம்ப வேண்டும். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நான் ஒண்ணு மாட்டட்டுமா?" என்று ஒரு பித்தளைக் காலைக் கையில் எடுத்தாய். நான் அதைப் பிடுங்கிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னேன். நீ எழுந்து, "நீ போனாதான் இந்த வீடு நிம்மதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தேன். அதற்குப் பிறகு நான் எதைப் பூட்டினேன், எத்தனை பூட்டினேன் என்று எனக்குத் தெரியாது. கண்ணில் நீர் நிற்கும்போது திருகின் தலையே தெரியாது, துளையை எப்படி எண்ணுவது? உன் கையிலிருந்து பிடுங்கியதையும் எங்கோ ஒரு இடத்தில் சொருகியிருக்கிறேன். பாதி முறுக்கி, அப்படியே.

அழுதது உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நீ அழுததை நோட்டில் ஒரு வரியில் எழுதிவிட்டாய். எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

நான் சொன்னது தவறு. அன்றைக்கும் தவறு, அதற்கு முன் எத்தனை முறை வேறு வேறு வார்த்தையில் சொன்னேனோ அத்தனையும் தவறு. வீட்டில் எது உடைந்தாலும் "நகரு, நான் பாக்கறேன்" என்று சொல்லியே வளர்ந்துவிட்டேன். நீ நகர்ந்து நகர்ந்து எங்கே போய் நின்றாய் என்று திரும்பிப் பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

இன்னொன்று. நீ எழுதிய நோட்டையும், கம்பளிச் சோதனையையும், எண் ஒட்டிய கதையையும் இங்கே என் உதவியாளர்கள் இருவரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். ஆறு மாதமாக எங்கள் காற்றுமானி ஒன்று காரணமில்லாமல் நின்று நின்று ஓடுகிறது. "உங்க தங்கச்சி மாதிரி ஒதுக்கி வச்சதையெல்லாம் மறுபடி பாக்கலாம்" என்றார் ஒருவர். பார்த்தோம். கம்பத்தின் அடியில் ஒரு நட் தளர்ந்திருந்தது. இப்போது ஓடுகிறது. நிலையப் பதிவேட்டில் "பழுது கண்டுபிடித்த முறை" என்ற இடத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? "பொறுப்பாளரின் தங்கையின் முறை." மேலதிகாரி விளக்கம் கேட்டால் கேட்கட்டும்.

பதினாறையும் முடித்துவிட்டாயா?

உன் அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை சத்தமாக, இவருக்காக. "அப்பாடா" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். நான் சொன்னதும் தவறுதான். நீ போன பிறகு அந்த வீடு நிம்மதியாக இல்லை. ஒரு குழாய் சொட்டினால்கூட எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மற்றதையெல்லாம் நீ வரும்போது நேரில் பேசிச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

முடித்துவிட்டேன். பதினாறு பாடமும். ஆகஸ்ட் 2, மதியம், கடைசி வரிக்குப் புள்ளி வைத்தேன். மூன்று நாள் பள்ளியின் பிரெயில் அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடியது. நேற்று புத்தகங்களைக் கொடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஒரு நீளமான வகுப்பறை. பதினொரு மேஜை. ஒவ்வொன்றிலும் தலையணை கனத்துக்கு மூன்று தொகுதி. பெரிய டீச்சர் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தார். ஆரம்பிக்கவே விடவில்லை. புத்தகம் கைக்கு வந்ததும் பிள்ளைகள் திறந்துவிட்டார்கள். திடீரென்று அறையில் பேச்சு நின்றது. நூற்றுப் பத்து விரல்கள் காகிதத்தில் நகரும் சத்தம் மட்டும். பட்டுத்துணியை யாரோ மெதுவாக இழுப்பது போல. டீச்சர் தன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண். வாயாடி என்று அவளுக்கு ஏற்கெனவே பெயராம். கால் மணி நேரம் கழித்துக் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இதைத் தட்டினவங்க இங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. ஏம்மா?"

"அக்கா, முதல் தொகுதி, முப்பத்தி ரெண்டாம் பக்கம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்துல மூணு மணி நேரம் போனா நூத்தி எண்பதுதானே வரும்? நூத்தி அறுபதுன்னு போட்டிருக்கீங்க."

அத்தனை சாவுக்கு நடுவே எங்கேயோ ஒரு விரல் தவறியிருக்கிறது என்று நினைத்தேன். அச்சுப் புத்தகம் பையில் இருந்தது. எடுத்துப் புரட்டினேன். நூற்றி அறுபது. அச்சிலேயே நூற்றி அறுபது! ஆயிரக்கணக்கில் அச்சடித்து, எல்லாப் பள்ளிக்கும் அனுப்பி, எத்தனையோ பேர் படித்து முடித்த பக்கம். நானே நான்கு முறை தட்டியிருக்கிறேன். எனக்கும் கண்ணில் படவில்லை.

"தப்பு என்னுதில்லம்மா, புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு" என்றேன்.

"நிஜமாவா?" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைப் பையன் அவள் முதுகில் ஒன்று வைத்தான். ஒவ்வொருவராக முப்பத்திரண்டாம் பக்கத்தைத் தேடிப் பிடித்து, தடவிப் பார்த்து, சிரிக்க ஆரம்பித்தார்கள். பெரிய டீச்சரும் சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று நோட்டு வைத்திருந்தால்தான் தெரியும்.

"டீச்சர், புத்தகம் போட்டவங்களுக்கு நான் லெட்டர் எழுதட்டுமா?"

"எழுதேன். யாரையாவது வச்சுத் தட்டித் தரச் சொல்லு."

"வேண்டாம் டீச்சர், பிரெயில்லயே எழுதறேன்" என்றாள் அவள். "படிக்கத் தெரியலன்னா கத்துக்கட்டும்."

இன்று காலை அந்தக் கடிதத்தை நானே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

உன் தங்கை